வெளிநாட்டுப் பயணமும் கைப்பேசிச் செயலிகளும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பேசியை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: முதன்முறையாக வெளிநாடு செல்கிறேன். இணையத்தில் தேடினால் ‘பயணிகளுக்குக் கட்டாயம் தேவையான நாற்பது செயலிகள்’ என்று பட்டியல்கள் வருகின்றன. உண்மையில் எத்தனை தேவை?

பதில்: அத்தகைய பட்டியல்களில் பாதிக்கு மேல், ஒன்று செய்யும் வேலையையே இன்னொன்றும் செய்யும் செயலிகள்தாம். மீதியில் பல, பயணச்சீட்டும் விடுதி அறையும் விற்பதற்காக உள்ளவை. அவற்றின் பயன் நீங்கள் புறப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும். அந்நிய நாட்டில் இறங்கிய பிறகு கைப்பேசியிடம் நாம் எதிர்பார்ப்பவை சிலவே: வழி காட்ட வேண்டும், தெரியாத மொழியைப் புரியவைக்க வேண்டும், வண்டி பிடித்துத் தர வேண்டும், பணம் செலுத்த உதவ வேண்டும், வீட்டாரோடு பேசவைக்க வேண்டும், கேட்ட இடத்தில் ஆவணத்தை எடுத்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி போதும். வரைபடத்துக்கு மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்கும் நேரத்தில், இணையம் இல்லாதபோது அது என்ன செய்யும் என்று பாருங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கைப்பேசியை ஃபிளைட் மோடில் வைத்து, வைஃபையையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு செயலியாகத் திறந்து சோதியுங்கள். போகப்போகும் நகரத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கினால் தெருப் பெயர் வரை தெரிகிறதா? மொழிபெயர்ப்புச் செயலி ஒரு வாக்கியத்தையாவது மொழிபெயர்க்கிறதா? விமானச் சீட்டும் விடுதிப் பதிவும் திறக்கின்றனவா, அல்லது மின்னஞ்சல் பெட்டியின் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறதா? குடியேற்ற அதிகாரி தங்கும் முகவரியையும் திரும்பும் பயணச்சீட்டையும் கேட்கும் இடம், புதிய சிம் இன்னும் வேலை செய்யத் தொடங்காத, விமான நிலைய வைஃபையோ உள்ளூர் எண் கேட்டு மறுக்கும் இடமாகவே பல நேரங்களில் அமைந்துவிடுகிறது. ஆகவே பாஸ்போர்ட், விசா, காப்பீடு, பயணச்சீட்டு, விடுதிப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளைக் கைப்பேசியின் நினைவகத்திலேயே ஒரு கோப்புறையில் சேமித்து வையுங்கள். விமானத்தில் ஏறுவதற்கான போர்டிங் பாஸைக் கூகுள் வாலட்டிலோ ஆப்பிள் வாலட்டிலோ சேர்த்துவிட்டால் அது இணையம் இல்லாமலும் திறக்கும்.

கேள்வி: இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்கிறார்களே, வரைபடத்தைத் தரவிறக்கி என்ன பயன்?

பதில்: ஜி.பி.எஸ். வேலை செய்யும். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கைப்பேசி வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே. அது திருப்பி எதையும் அனுப்புவதில்லை, அதற்குச் சிம்மும் தேவையில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை இணையம் இருக்கும்போது கைப்பேசி நொடியில் பெற்றுக்கொள்கிறது. இல்லாதபோது அதையும் அந்தச் செயற்கைக்கோள்களிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டியிருக்கும். எனவே வெளியே வந்தவுடன் நீலப் புள்ளி தோன்றவில்லையே என்று பதறாமல், வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நில்லுங்கள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதும் உண்டு. சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதே அதற்குக் காரணம்.

கூகுள் மேப்ஸில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பகுதியை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளலாம். ஆனால் இணையம் இல்லாதபோது அது கார் ஓட்டும் வழியைத்தான் காட்டும். நடைபாதை வழியையும் பேருந்து, ரயில் வழிகளையும் காட்டாது. சுற்றுலாப் பயணி பெரும்பாலும் நடப்பவர் என்பதால் இது சிறிய குறை அன்று. அதனால்தான் இரண்டாவது வரைபடச் செயலி ஒன்று வேண்டும் என்றேன். ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலி, 2004-இல் பிரிட்டனில் தொடங்கித் தன்னார்வலர்கள் உலகம் முழுவதும் வளர்த்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்துகிறது. தேவையான நாட்டையோ மாநிலத்தையோ தரவிறக்கிவிட்டால், இணையம் சிறிதும் இல்லாமல் நடைவழியைக் காட்டுவதோடு, காட்டுப் பாதைகளையும் குடிநீர்க் குழாய் இருக்கும் இடங்களையும் குறித்துத் தருகிறது. கடைகள் திறந்திருக்கும் நேரம், பயணிகளின் கருத்துகள் போன்றவற்றில் கூகுளுக்கு இது ஈடாகாது. விடுதியையும் பார்க்க விரும்பும் இடங்களையும் இரண்டிலும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இ-சிம் போட்டால் என் வழக்கமான எண்ணுக்கு வங்கி அனுப்பும் ஓ.டி.பி. வருமா? வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா?

பதில்: இந்தப் பொருளைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இ-சிம் என்பது கைப்பேசிக்குள் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கும் சில்லில் இன்னொரு இணைப்பைச் சேர்ப்பது. உங்கள் பழைய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். ஏர்அலோ போன்ற நிறுவனங்கள் பயணிகளுக்கு விற்கும் இ-சிம்களில் பெரும்பாலானவை இணையத்துக்கு மட்டுமானவை. அவற்றுக்குப் பேசும் எண் கிடையாது. ஆகவே அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழைய சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, அந்த இணைப்பை உயிரோடு வைத்திருந்தால் குறுஞ்செய்திகள் வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தச் சிம்முக்குச் சர்வதேச ரோமிங் வசதி செயல்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ரோமிங் வசதியைப் பெறுவதற்கான உறுதிப்படுத்தும் செய்தியே அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், வெளிநாட்டில் இறங்கிய பிறகு அதைச் சரிசெய்வது எளிதன்று. வரும் அழைப்பை எடுத்தால் என்ன கட்டணம் என்பதையும் முன்கூட்டியே உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப், பதிவு செய்த எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும். புதிய சிம்மைக் கண்டு ‘எண்ணை மாற்றவா?’ என்று அது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உங்கள் கைப்பேசி இ-சிம்மை ஏற்குமா என்று அறிய, *#06# என்று அழுத்திப் பாருங்கள். வரும் எண்களில் ‘இ.ஐ.டி.’ என்ற ஒன்று இருந்தால் ஏற்கும். ஐபோன்களில் 2018-இல் வெளியான எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். முதல் இந்த வசதி உள்ளது, ஆயினும் சீனச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பல மாதிரிகளில் இல்லை. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வாங்கிப் பூட்டப்பட்ட கைப்பேசி, வேறு நிறுவனத்தின் இ-சிம்மை ஏற்காது. இ-சிம்மை நிறுவுவதற்கே இணையம் தேவை என்பதால் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே க்யூஆர் குறியீட்டைப் படிக்கவைத்து நிறுவிவிடுங்கள். ஆனால் திட்டத்தின் காலக்கெடு நிறுவிய கணத்தில் தொடங்குகிறதா, அந்த நாட்டின் வலையமைப்பைத் தொட்ட பிறகு தொடங்குகிறதா என்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். இணைப்பு தடுமாறுகிறதே என்று இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி நிறுவ முயல வேண்டாம். பல திட்டங்களில் ஒரே குறியீட்டை இருமுறை பயன்படுத்த முடியாது.

ஓ.டி.பி.யை மட்டுமே நம்பியிராமல், மின்னஞ்சல் போன்ற முக்கியக் கணக்குகளுக்கு ஆதென்டிகேட்டர் செயலி ஒன்றை அமைத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது. கைப்பேசிக்குள் இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகார நேரத்தையும் கொண்டு வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை அது தானாகவே எண்ணை உருவாக்குவதால், அதற்குச் சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

கேள்வி: சீனாவுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறோம். அங்கெல்லாம் நம் வழக்கமான செயலிகள் வேலை செய்யாது என்பது உண்மையா?

பதில்: இரண்டு நாடுகளிலும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

தென்கொரியாவில் கூகுள் தடைசெய்யப்படவில்லை. ஆனால் நுணுக்கமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்நாட்டு அரசு கட்டுப்படுத்திவந்திருக்கிறது. கூகுளின் கோரிக்கை 2016-இல் மறுக்கப்பட்டது. அதனால் கூகுள் மேப்ஸ் அங்கே பல ஆண்டுகளாகவே நடைவழியையும் கார் வழியையும் சரிவரக் காட்டாத அரைகுறை நிலையில் இருந்துவந்திருக்கிறது. உள்ளூர் மக்கள் பயன்படுத்துபவை நேவர் மேப், காக்காவோ மேப் ஆகியவை. இரண்டிலும் ஆங்கில இடைமுகம் உண்டு. பெயரை ஆங்கிலத்தில் தட்டும்போது கிடைக்காத இடம், கொரிய எழுத்தில் ஒட்டினால் உடனே கிடைக்கும் என்பதால், போக வேண்டிய இடங்களின் கொரியப் பெயர்களைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

சீனப் பெருநிலத்தில் கூகுளின் சேவைகளும், வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவையும் முடக்கப்பட்டிருக்கின்றன. விடுதியின் வைஃபையில் அவை திறக்காது. அதே கைப்பேசி வெளிநாட்டுச் சிம்மின் ரோமிங்கில் இருக்கும்போது அவை பெரும்பாலும் திறக்கும். ரோமிங்கில் உங்கள் தரவு, சிம் எந்த நாட்டு நிறுவனத்துடையதோ அந்த நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகவே வழக்கமாகச் சென்று திரும்புகிறது. பலரும் வி.பி.என். (இணையத் தடையைச் சுற்றிச் செல்ல உதவும் செயலி) தேடி அலைவதற்கு முன் இதை அறிந்திருந்தால் போதும். வரைபடத்துக்கு ஏமேப் என்ற காவ்டே செயலியை நாடுங்கள். சீன வரைபடங்கள் அரசு விதித்த தனி ஆயத்தொலைவுக் கணக்கில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையில்), உண்மையான இடத்திலிருந்து சில நூறு மீட்டர் வரை நகர்த்தி வரையப்படுகின்றன. அந்தக் கணக்கு தெரியாத செயலியில் நீங்கள் ஆற்றுக்கு நடுவே நிற்பதாகக் காட்டினால் வியப்படைய வேண்டாம்.

அங்கே மிக அவசியமானது அலிபேயோ வீசாட் பேயோதான். க்யூஆர் குறியீட்டைக் காட்டிப் பணம் செலுத்துவதே அங்கு வழக்கமாகிவிட்டது; வெளிநாட்டவர் தங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இவற்றில் இணைக்கும் வசதி 2023 முதல் பரவலாகக் கிடைக்கிறது. பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிப்படுத்தும் வேலையை ஊரிலிருந்தே முடித்துவிடுங்கள். டிடி டாக்சியையும் அலிபேக்குள்ளிருந்தே அழைக்கலாம். கூகுள் பிளே ஸ்டோர் அங்கே திறக்காது என்பதால், ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் தேவையான எல்லாவற்றையும் முன்பே தரவிறக்கிவிட வேண்டும்.

தொடர்பாகக் கேட்டிருந்த இன்னொருவருக்கு: ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் போய்ச் சேரும், அதில் குரல், காணொளி அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உண்டு.

கேள்வி: மொழிபெயர்ப்புச் செயலியை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: அறிவிப்புப் பலகை, ரயில் நிலையத்தின் வழிகாட்டி, சலவை இயந்திரத்தின் பொத்தான்கள் ஆகியவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் கேமராவை எழுத்தின் மேல் காட்டினால் திரையிலேயே மொழி மாறித் தெரியும். இணையமின்றிப் பயன்படுத்த வேண்டுமென்றால் அந்தந்த மொழிக்கான கோப்புகளைத் தனித்தனியே தரவிறக்க வேண்டும். அப்போது கிடைக்கும் மொழிபெயர்ப்பின் தரம் சற்றுக் குறைந்தே இருக்கும்.

பேச்சில்தான் சிக்கல். நாம் தமிழில் எழுவாயை விட்டுவிட்டு, ‘நாளைக்கு வரலாமா?’ என்று பேசுவோம். யார் வருவது என்று இயந்திரம் ஊகிக்கிறது, ஊகம் தவறினால் கேள்வியே மாறிவிடுகிறது. குறுகிய, எழுவாயுள்ள வாக்கியமாகத் தட்டுங்கள். வந்த விடையை மீண்டும் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால் பெரிய பிழைகள் வெளிப்பட்டுவிடும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஜப்பானியம், கொரியம் போன்றவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

மருந்து, ஒவ்வாமை, காவல் நிலையம், கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் ஆகிய இடங்களில் மட்டும் செயலியின் சொல்லை இறுதியாகக் கொள்ளாதீர்கள். உங்களுக்கு ஒவ்வாத பொருளோ தொடர்ந்து உட்கொள்ளும் மருந்தோ இருந்தால், அந்த நாட்டு மொழி அறிந்த ஒருவரிடம் சரிபார்த்த வாக்கியத்தை ஒரு படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை வண்டிக்கு ஊபர் இருந்தால் போதாதா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஊபர் தன் தொழிலை 2018-இல் கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டதால், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் கிராப் செயலிதான் வேண்டும். இலங்கையில் ஊபரோடு பிக்மீயும் உண்டு. ஐரோப்பிய, ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில் போல்ட் ஓடுகிறது. எதுவாயினும், கணக்குத் தொடங்கி அட்டையை இணைப்பதை ஓ.டி.பி. தடையின்றி வரும் ஊரிலேயே செய்துவிடுங்கள். வண்டியின் எண்ணைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி ரயில், பேருந்துச் செயலி வேண்டுமா?

பதில்: வழி பார்ப்பதற்குச் சிட்டிமேப்பர் பல பெருநகரங்களில் கைகொடுக்கும், ஜெர்மனியில் டி.பி. நேவிகேட்டரும் சுவிட்சர்லாந்தில் எஸ்.பி.பி. மொபைலும் அந்தந்த ரயில் நிறுவனங்களின் செயலிகள் என்பதால், தாமதமும் நடைமேடை மாற்றமும் அவற்றில் உடனுக்குடன் தெரியும். கட்டணம் செலுத்தச் சில நகரங்களில் செயலியே தேவையில்லை. லண்டனிலும் சிங்கப்பூரிலும் தொடாமல் செலுத்தும் வங்கி அட்டையையோ கைப்பேசியையோ வாயிலில் காட்டி உள்ளே போகலாம். ஆனால் உள்ளே போகும்போது கைப்பேசியையும் வெளியே வரும்போது அட்டையையும் காட்டினால், இரண்டும் ஒரே கணக்கைச் சேர்ந்தவையாயினும் இரண்டு வேறு பயணிகளாகவே கருதப்பட்டு, முடிவுறாத பயணத்துக்கான கட்டணம் விழும். ஜப்பானில் ரயில், பேருந்துக் கட்டணத்துக்குப் பயன்படும் சுய்கா அட்டையை ஐபோன் 8-உம் அதற்குப் பின் வந்த ஐபோன்களும் ஏற்கும். ஜப்பானுக்கு வெளியே விற்கப்படும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பெரும்பாலானவை ஏற்பதில்லை, அவற்றை வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் அட்டையே வாங்க வேண்டும்.

கேள்வி: நாணய மாற்றுச் செயலி காட்டும் மதிப்புக்கும் அட்டையில் கழிக்கப்படும் தொகைக்கும் ஏன் வேறுபாடு?

பதில்: எக்ஸ்.இ. போன்ற செயலிகள் காட்டுவது சந்தையின் நடுமதிப்பு, அதாவது நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள மதிப்பு. வங்கி அதன்மேல் தன் கட்டணத்தைச் சேர்க்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. அட்டை இயந்திரமோ ஏ.டி.எம்.மோ ‘உங்கள் சொந்த நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?’ என்று அன்போடு கேட்கும். ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதில் அந்த இயந்திரத்தின் பின்னால் உள்ளவர்கள் தீர்மானிப்பார்கள். எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்பும்போது கட்டணம் கேட்டார்கள். சரிதானா?

பதில்: சிங்கப்பூரின் எஸ்.ஜி. அரைவல் கார்டு, மலேசியாவின் எம்.டி.ஏ.சி., 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த தாய்லாந்தின் டி.டி.ஏ.சி. ஆகிய மூன்றும் இலவசம். மூன்றையும் வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். தேடுபொறியில் விளம்பரமாக முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அரசு முத்திரையைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, இலவசப் படிவத்துக்குப் பணம் வாங்குவதோடு பாஸ்போர்ட் விவரங்களையும் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்துக்குள் போய், அங்கிருந்தே படிவத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி: அம்மா தனியாக என் அண்ணன் இருக்கும் நாட்டுக்குப் போகிறார்கள். ஸ்மார்ட்போனில் வாட்ஸ்அப் அழைப்பு மட்டுமே தெரியும். என்னென்ன செயலிகள் போட்டுத் தரலாம்?

பதில்: புதிதாக எதையும் போட்டுத் தராதீர்கள். தெரிந்த வாட்ஸ்அப்பிலேயே இருப்பிடத்தை நேரலையாக அனுப்பும் வசதி இருக்கிறது. அதை எட்டு மணிநேரம் வரை வைக்கலாம். அந்த ஒன்றை நாலைந்து முறை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லிப் பழக்குங்கள். அண்ணனின் முகவரியையும் எண்ணையும் அந்த நாட்டு எழுத்தில் ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுக் கைப்பையில் வையுங்கள். மின்கலம் தீர்ந்த கைப்பேசியைவிட அது பயன்படும். ஐரோப்பிய நாடுகளில் அவசர உதவிக்கு 112 என்பதையும் அதே தாளில் எழுதலாம்.

கேள்வி: அங்கே கைப்பேசியே திருடுபோய்விட்டால்?

பதில்: புறப்படும் முன் செய்தவைதாம் அப்போது காப்பாற்றும். ஐபோனில் ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்’, ஆண்ட்ராய்டில் ‘தெஃப்ட் டிடெக்‌ஷன் லாக்’ என்னும் பூட்டுகள் 2024 முதல் வந்திருக்கின்றன. உங்கள் கைப்பேசியில் இருந்தால் இயக்கி வையுங்கள். தொலைந்த கைப்பேசியை இன்னொருவர் கருவியிலிருந்து பூட்ட முயலும்போது, கூகுள் கணக்கு உறுதிப்படுத்தும் செய்தியைத் தொலைந்த கைப்பேசிக்கே அனுப்பி நம்மைத் திகைக்க வைக்கும். இதற்காகவே, அந்தச் செய்திக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய பத்து மாற்றுக் குறியீடுகளைக் கூகுள் தருகிறது. அவற்றையும், காவல் துறையிலும் காப்பீட்டிலும் கேட்கப்படும், கைப்பேசியின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், வங்கி அட்டையை முடக்குவதற்கான வெளிநாட்டிலிருந்து அழைக்கத்தக்க எண்ணையும் தாளில் எழுதி, கைப்பேசி இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள். உடன் வருபவர் இருந்தால் ஒருவர் தாளை மற்றவர் வைத்திருக்கலாம்.